நகர் நீங்கிப் புதுப்பாளையம் புகுந்த வரலாறு

பட்டணத்து இரைச்சலை விட்டு நீங்கி, அமைதியான கடற்கரை ஊரொன்றிற் சென்று குடியிருக்க வேண்டுமென்னும் அவா இக்காலத்துப் பலரிடம் காணப்படுகின்றது. நம் சங்கத்து அன்பர்களுள்ளும், பிள்ளைகள் தலையெடுத்த பின்னர்ச் சேலத்தையோ சென்னையையோ விட்டு எங்கேனும் காற்றாட இருப்போம் என்று சொல்வார் உளர். இஃது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1908-இல் பாரதியார் சென்னையை நீங்கிப் புதுச்சேரிக் கடற்கரையை அடைந்தார். 1910-இல் கல்கத்தாவைத் துறந்த அரவிந்தரும் அவ்வூரையே புகலிடமாகக் கொண்டார். வ. வே. சு. ஐயரும் அவ்வாண்டிலேயே அங்கு வந்து சேர்ந்தார். இவர்களை அங்கே ஈர்த்தது கடற்காற்று மாத்திரமன்று. அவ்வூரின்மேற் பறந்த பிரெஞ்சுக் கொடியுமாகும். ஆங்கிலேயர் போலீசின் கை அவ்வெல்லையைத் தாண்டி நீளாது. பாரதியார் பத்தாண்டுகள் அங்குத் தங்கி, 1918 நவம்பரில் எல்லை கடந்த உடனே பிடிபட்டமை யாவரும் அறிந்ததே.

நம் சேலம் ஜில்லாவிற்குக் கடலும் இல்லை. பிரெஞ்சு எல்லையும் இல்லை. ஆயினும் நகர வாழ்வை உதறிவிட்டுச் சிற்றூர் புகுந்த வரலாறு ஒன்று நம் மண்ணிலேயே நிகழ்ந்துளது. அதில் நம் குலத்தார்க்குப் பங்குண்டு. அப்பங்கு பெருமைக்குரியதும் ஆம், நாணத்திற்குரியதும் ஆம். முன்னதை மேடைதோறும் கேட்கிறோம். பின்னதைப் பேசுவார் அரியர். இரண்டையும் ஓரிடத்தில் வைத்து எழுதுதல் தகுமென்று கருதி இக்கட்டுரையை விடுக்கின்றோம்.

இராஜகோபாலாச்சாரியார் 1878-இல் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர். அவ்வூர் அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1900-இல் அவர் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சேலத்தின் மக்கள் தொகை 70,621. 1866 முதல் முனிசிபாலிடி பெற்ற நகர் அது. தறியும் சந்தையும் கச்சேரியும் நெருங்கிய ஊர். நம் குடியானவர்கள் பாகப்பிரிவினைக்கும் வரப்புத் தகராற்றுக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் நின்ற கச்சேரி அதுவே. அங்கே அவர் பெரும்பொருள் ஈட்டினார். 1916-இல் மனைவியாரை இழந்தார். 1917 முதல் 1919 வரை அம்முனிசிபாலிடியின் தலைவராக விளங்கினார். பின்பு சென்னைக்குக் குடிபோனார். 1919 மார்ச்சில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவருடைய இல்லத்திலேயே தங்கினார். நாடெங்கும் கடையடைப்புச் செய்யும் எண்ணம் அடிகளுக்கு உதித்தது அவ்வீட்டிலேதான். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் ஆச்சாரியார் வக்கீல் தொழிலைக் கைவிட்டார். 1921-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை சென்று மூன்று மாதம் இருந்து மீண்டார்.

அவர் விரும்பியிருப்பின் சென்னையிலேயே பெருவாழ்வு வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1925-இல் அவர் நாடியது திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் என்னும் சிற்றூரை. மேட்டாங்காடுகளும், கவலை இறைக்கும் ஆழ்கிணறுகளும், கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளையும் செம்மண்ணும் நிறைந்த இடம் அது. நம் வாசகர்க்கு அந்நிலத்தை வருணித்துக் காட்ட வேண்டுவதில்லை. ஈளை நோயால் வருந்திய அவருடைய உடம்பிற்கு அவ்வறண்ட காற்று ஒத்திருந்தது என்பர். ஆனால் உடம்பை ஓம்புவதற்காக அவர் அங்கு வரவில்லை. நூற்பும் நெசவும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் பேச்சளவில் நிற்றலாகாது, ஊர் நடுவே வாழ்ந்து காட்டப்பெற வேண்டும் என்பதே அவருடைய கருத்து.

அதற்கு நிலம் அளித்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் பி. கே. இரத்தினசபாபதிக் கவுண்டர் அவர்கள். நம்மவர் பெருமை பேசும் இடம் இதுவே, பேசுவதும் தகும். ஊரிற் பெருநிலக்காரர் ஒருவர் காங்கிரஸ்காரர்க்கு இடங்கொடுத்தால் தாசில்தார் முதல் கலெக்டர் வரை முகம் சுளிக்கும் காலம் அது. அன்றியும், வரப்போகும் ஆசிரமத்திற் சாதி வேற்றுமையின்றி எல்லாரும் ஒருங்கே உறைவர், ஒருங்கே உண்பர் என்பது அறிந்தே அவர் கொடுத்தார். நிலத்தைக் கொடுத்தல் எளிது. அந்நிலத்தில் நடக்கப்போவதை அறிந்து கொடுத்தலே அரிது.

1925 பிப்ரவரி 6-ஆம் நாள் ஆசிரமம் திறக்கப்பெற்றது. திறந்துவைத்தவர் ஈரோடு ஈ. வெ. இராமசாமி நாயக்கர், பிற்காலத்திற் பெரியார் என்று போற்றப்பெற்றவர். இதன் பொருத்தத்தை உணர, அவ்வாண்டின் நிலைமையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். புதுச்சேரியிலிருந்து மீண்ட வ. வே. சு. ஐயர் திருநெல்வேலிச் சீமையிற் சேரன்மாதேவியிலே தமிழ்க் குருகுலம் ஒன்றை நடத்திவந்தார். காங்கிரஸின் பொருளும் அதற்குச் சென்றிருந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிட்டார்கள் என்பது வெளிப்பட, நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' என்னும் பத்திரிகையைத் தொடங்கிய டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈரோட்டு நாயக்கரும் அக்கிளர்ச்சியின் முன்னணியில் நின்றனர். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானித்தபோது, அத்தீர்மானத்தின் போக்கை ஒப்பாது ஆச்சாரியார் கமிட்டியை விட்டு விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திற் பாபநாசத்து அருவியில் ஐயர் உயிரிழந்தார். நவம்பரிற் காஞ்சீபுரம் மாநாட்டிலிருந்து நாயக்கர் வெளியேறினார்.

கமிட்டியில் ஆச்சாரியார் நின்ற நிலை நமக்கு உவப்பானதன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சமபந்தியைப் பிறர்மீது சட்டமாக விதிக்க அவர் துணியவில்லை. ஆனால் தாம் குடியேறிய இடத்தில் அதனைச் சிறிதும் தளர்த்தாது நடத்தினார். சேரன்மாதேவியிலே இருவர்க்கு வேறு பந்தி இட்டதனால் ஒரு கட்சியே பிளவுண்ட அதே ஆண்டில், திருச்செங்கோட்டுத் தாலுக்காவின் மூலையொன்றில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் பிராமணரும் ஒரே அடுப்பிற் சமைத்ததை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். இந்த வேறுபாட்டை எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இனி நாணத்திற்குரிய பகுதிக்கு வருவோம். சுற்றூர்களில் உள்ளோர் தொடக்கத்தில் ஆசிரமத்தை நெருங்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் அங்கே வீட்டு மனிதர்போல் வாழ்ந்தமையே காரணம். சுற்றூர்களில் உள்ளோர் என்று பொதுப்படக் கூறித் தப்புதல் முறையாகாது. அவ்வட்டாரத்தில் நிலமும் கிணறும் சொல்லும் யாருடையனவாக இருந்தன? நம்மவருடையனவே. ஒதுங்கி நின்றவருள் மிகப்பலர் நம் குலத்தாரே. ஒரே குலத்தைச் சேர்ந்த ஒருவர் நிலம் கொடுக்க, அயலிலிருந்த பலர் முகம் கொடாது நின்றனர்.

அவர்களைக் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் அஞ்சினார்கள். பண்ணையாள் ஒருவன் ஆசிரமத்திற் பந்தியில் அமர்ந்து உண்டு திரும்பி வந்தால், நாளை நம் வாசலில் எங்கே நிற்பான்? ஊர்க் கிணற்றில் அவன் நீர் மொண்டால் அடுத்து எதைக் கேட்பான்? கவலை ஓட்டவும் களம் கூட்டவும் ஆள் எங்கிருந்து வரும்? பண்ணையம் முழுதும் ஆளடிமையின்மேல் நின்ற காலத்தில் இவ்வச்சம் எழுதல் இயல்பே. இயல்பு என்பதனால் அது நியாயமாகிவிடாது. சமயத்தின் பெயராற் சொல்லப்பட்ட தீட்டு, உள்ளே பார்த்தாற் பெரும்பாலும் கூலிக் கணக்காகவே இருந்தது என்பது எம் துணிபு.

அவ்விறுக்கத்தைத் தளர்த்தியது உபதேசமன்று, வானம். மழை பொய்த்தது, கிணறுகள் அடிகண்டன, காட்டில் வேலையில்லை. ஆசிரமத்தார் பஞ்சைக் கொடுத்து, நூற்றுவந்த நூலைக் கூலி கொடுத்து வாங்கலாயினர். பரணில் ஏறிக் கிடந்த இராட்டைகள் இறங்கின. நூற்புக் கூலி மிகச் சிறிது; அதனால் எவரும் செழிக்கவில்லை. ஆனால் அச்சில்லறையும் வேறெங்கும் கிடையாத நாளில், பல கல் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து பெண்டிர் நடந்துவந்து, சிட்டத்தை நிறுத்துக் கொடுத்துக் காசும் பஞ்சும் பெற்றுச் சென்றனர். ஒதுங்கி நின்ற வீடுகளின் வாசற்படியை முதலில் தாண்டியவர் ஆடவர் அல்லர் என்பது குறிக்கத்தக்கது. நோய்க்கு மருந்து வேண்டியும் மக்கள் வரத்தொடங்கினர். தாழ்த்தப்பட்டோர்க்குக் குடிநீர்க் கிணறுகள் தோண்டும் பணியையும் ஆசிரமத்தார் மேற்கொண்டனர். 1925 மார்ச்சிற் காந்தியடிகளே புதுப்பாளையம் வந்து பார்த்துச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் அகில இந்திய நூற்போர் சங்கம் பாட்னாவில் அமைந்தது. அவ்வாண்டிலேயே நம் ஜில்லாவில் மேட்டூர் அணையின் வேலையும் தொடங்கிற்று; அது முடிய 1934 ஆயிற்று. காவிரியைத் தடுக்கப் பெரும் பொருளும், ஊரைத் தாங்கப் பிடி பஞ்சும் ஒரே ஜில்லாவில் ஒருங்கே செலவாயின.

கள்ளின் கொடுமையை ஆச்சாரியார் கண்கூடாகக் கண்டதும் இங்கேதான். கூலிநாள் மாலையில் கள்ளுக்கடை வாசலில் நின்றால் ஒரு குடும்பத்தின் வாரக் கணக்கு முழுதும் தெரிந்துவிடும். மரத்தைச் சாறு இறக்க விட்டுப் பணம் பெற்றவர் நம்மிலும் இருந்தனர் என்பதை இங்கே சொல்லாது விடுதல் முறையன்று. 1929-இல் 'விமோசனம்' என்னும் மாதப் பத்திரிகையை அவர் மதுவிலக்கின் பொருட்டே தொடங்கினார். அதன் துணையாசிரியராக உழைத்தவர், பிற்காலத்திற் கல்கி என்று புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழ்களே வெளிவந்தன. தமிழ் உரைநடையில் எளிமையை விரும்புவோர், அக்கையெழுத்து ஒரு பகுதி நம் செம்மண் காட்டிற் பழகியது என்பதை நினைத்து மகிழலாம்.

பத்திரிகை நின்றதற்குக் காரணம் கடல். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு புறப்பட்ட ஆச்சாரியார், தஞ்சை, கும்பகோணம் வழியே நடந்து, 28-ஆம் நாள் வேதாரணியக் கடற்கரையை அடைந்தார். தொண்டர்க்குச் சோறும் இடமும் கொடுத்தாற் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிற் கட்டிவிட்டு அகன்றனர் என்று சொல்வது வழக்கம். அந்நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவரும் நம் பக்கத்தவரே. மோகனூரிற் பிறந்த நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை. ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பு அள்ளிய ஆச்சாரியார் சிறைப்பட்டார். பாரதியாரும் அரவிந்தரும் கடற்கரையை நாடியது சிறைக்குத் தப்ப. புதுப்பாளையத்தார் கடற்கரையை நாடியது சிறைக்குப் போக.

அதன்பின் சிறையும் அரசியலும் அவரை மெல்ல மெல்லச் சென்னைக்கே இழுத்துக்கொண்டன. 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அம்மந்திரி சபையிற் கல்வியையும் சட்டத்தையும் ஏற்றவர் டாக்டர் பி. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார், நம் குலத்தவர். ஆச்சாரியார் புதுப்பாளையத்திற் பஞ்சு நிறுத்துக்கொண்டிருந்த 1926 முதல் 1930 வரையான காலத்திற் சுப்பராயன் அவர்களே சென்னையில் முதன் மந்திரியாக வீற்றிருந்தார். ஒருவர் தாலுக்காவை விட்டுத் தலைநகர் போக, மற்றொருவர் தலைநகரை விட்டுத் தாலுக்காவிற்கு வந்திருந்தார். பின்பு இருவரும் ஒரே சபையிற் கூடினர்.

பதவி ஏற்ற சில திங்களில், 1937 அக்டோபர் 1-ஆம் நாள், சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாகாணத்தில் எத்தனையோ ஜில்லாக்கள் இருக்க, முதலிற் சேலத்தை அவர் தெரிந்தெடுத்தது ஏன் என்று புதுப்பாளையத்தை அறிந்தார் கேளார். 1938-இல் குடியானவர் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. வட்டி முதலை விழுங்கிய பத்திரங்களோடு திணறிய நம் குடும்பங்கள் பல அதனால் மூச்சு விட்டன. அச்சட்டத்தின் வாசகங்களைச் சென்னையில் எழுதினார்கள். அதன் காரணத்தை அவர் இங்கே கற்றிருந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் பொருட்டு அவ்வரசு ஈ. வெ. இராமசாமியாரைச் சிறையில் அடைத்தது. ஆசிரமத்தைத் திறந்துவைத்தவரை, அதை நிறுவியவரின் அரசே சிறைக்கு அனுப்பிற்று. நம் வீடுகளிலும் அக்காலத்தே தந்தை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமுமாக நின்றதுண்டு.

1997 முதல் அப்பகுதி நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த இடம் இன்றும் காந்தி ஆசிரமம் என்னும் பெயராலேயே வழங்குகின்றது.