ஸ்டாக்ஹோமில் போட்ட கணக்கு

சூரிய வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, பூமி திருப்பி அனுப்பும் உஷ்ணத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் உண்டு. உஷ்ணத்தை அவை விழுங்குவதை 1859-ல் லண்டனில் ஜான் டிண்டால் பரிசோதனை செய்து காட்டினார்.

அதற்குக் கணக்குப் போட்டவர் ஸ்வீடன் தேசத்து ஸ்வாண்டே அர்ரேனியஸ். பனியுகம் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் அவர் புறப்பட்டார். ஏறத்தாழ ஒரு வருஷம் கையாலேயே கணக்குப் போட்டார். 1896-ல் விடையை வெளியிட்டார்: காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமியின் உஷ்ணம் 5, 6 டிகிரி ஏறும். இன்றைய விஞ்ஞானிகள் சுமார் 3 டிகிரி என்கிறார்கள்.

அவர் பயந்தாரா? இல்லை, சந்தோஷப்பட்டார்! நிலக்கரிப் புகையால் குளிர்தேசங்களுக்கு நல்ல காலம் பிறக்கும், விளைச்சல் பெருகும் என்று பின்னால் எழுதினார். பனியில் நடுங்குகிறவனுக்கு அடுப்புத்தானே தெய்வம்? அதுவும் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நடக்கும் என்று நம்பினார்.

1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது.

வாயுவின் குணத்தை அர்ரேனியஸ் அறிந்திருந்தார். மனிதனின் அவசரத்தை அறியவில்லை. அவர் ஊருக்குக் குளிர்காய மூட்டிய அடுப்பின் அனல், ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் ஊர்களையும் அல்லவா சுடுகிறது!