தாராபுரமும் பொறியியற் பீடமும்

மன்னார்த் தீவில், தலைமன்னாரை நோக்கிச் செல்லும் நெடுவீதியை அண்டி, மணலும் பனையும் உவர்க்காற்றும் சூழ அமைந்த முஸ்லிம் கிராமமாகிய தாராபுரத்தின் சரித்திரத்தையும், இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கணினிப் பொறியியல் வேரூன்றிய சரித்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு இரண்டு ஆண்டுகள் உடனே கண்ணிற் படும். 1985இல் பேராதனையிலும் மொறட்டுவையிலும் கணினிக்கெனத் தனித்துறைகள் உதயமாயின. 1990இல் தாராபுரம் வெறுமையாயிற்று. அந்தக் கல்வி நாட்டிற் பரவத் தொடங்கிய வேளையிலேயே அதைப் பெறுதற்குரிய ஒரு கரையின் பிள்ளைகள் வீட்டையும் பள்ளியையும் இழந்தனர் என்பதே இக்கட்டுரையிற் சொல்லவேண்டிய செய்தி.

பொறியியற் கல்வியின் பூர்வகதை 1893இல் மருதானையில் நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பாடசாலையோடு தொடங்குகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பிற் பிறந்து, பேராசிரியர் இ. ஓ. ஈ. பெரேரா போன்றோரின் முயற்சியால் 1964இல் பேராதனையில், மகாவலி நதியின் மறுகரையில் நிலைபெற்றது. பீடத்தையும் மாணவர் விடுதியையும் இணைக்கும் பாலத்துக்கும் அவ்விடுதிக்கும் நீதியரசர் எம். ரி. அக்பரின் பெயர் வழங்குகிறது. பல்கலைக்கழகம் கொழும்பிலன்றி மலைநாட்டில் அமையவேண்டுமென்று வாதாடிய அம்முஸ்லிம் பெருமகனின் பெயரைத் தாங்கிய பாலத்தின்மீது, புத்தகக்கட்டோடு நடந்து விரிவுரைக்குப் போகும் பாக்கியம் கரையோர முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளுக்கு எத்துணை அரிதாகக் கிட்டியது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

தூரம் மாத்திரம் தடையாயிருக்கவில்லை. 1914இல் தலைமன்னார் இறங்குதுறைவரை புகையிரதம் வந்துவிட்டமையால், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கியோர் போலவே தீவின் இளைஞரும் ஒரே இரவிற் கொழும்பை அடைய முடிந்தது. ஆனால் பொறியியற் பீடத்துக்குள் நுழையத் தேவையான ஆங்கிலமும் உயர்கணிதமும் நகரத்துப் பெருங்கல்லூரிகளிலேயே கிடைத்தன. உயர்வகுப்புகளிலும் சுயபாஷை போதனாமொழியான பின்னர் வாசல் சற்று அகன்றதெனினும், உடனடியாக வேறோர் அநீதி குறுக்கே வந்து நின்றது. 1971ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழில் எழுதியவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதுமாயிற்று. மொழியை அளவுகோலாக்கிய அந்த ஏற்பாடு எவ்விதத்திலும் நியாயப்படுத்தத் தக்கதன்று. ஆயினும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை அதனோடு ஒரே தராசிலிட்டு நிறுப்பது மன்னாருக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்துப் பெருங்கல்லூரிகளோடு போட்டியிட வழியற்றிருந்த ஒரு மாவட்டத்துக்கு அது ஒரு சிறு கதவையேனும் திறந்துவிட்டது. கல்வியிற் பின்தங்கியவையென இன்று வகுக்கப்பட்டுள்ள 16 மாவட்டங்களில் மன்னாரும் ஒன்று, புத்தளமும் ஒன்று.

இனிக் கணினிக்கு வருவோம். அரச பொறியியற் கூட்டுத்தாபனம் 1960களின் பிற்பகுதியில், பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் காலத்தில், நாட்டின் முதற் கணினிகளில் ஒன்றைத் தருவித்தது. அக்காலத்து நிரல் எழுதுவோர், 80 நெடுவரிசைகளும் 12 கிடைவரிசைகளும் கொண்ட தடித்த அட்டைகளில் துளையிட்டு, அட்டைக்கட்டை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, விடைக்காகக் காத்திருப்பர்; ஓர் அட்டையில் ஒரு துளை இடம் மாறிவிட்டாலும் முழுவேலையையும் மறுபடி செய்யவேண்டிவரும். கணினி மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் வரிசைப்படுத்தும் முறைகளைக் காணுந்தோறும், மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பே நினைவுக்கு வருகிறது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்களைத் தரம்பிரித்தோர், 20 துளையுடைய சல்லடையிலிருந்து 1000 துளையுடைய சல்லடைவரை பத்துப் பித்தளைப் பெட்டிகளில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, பெருமுத்து மேலே தங்கவும் சிறுமுத்து கீழே இறங்கவும் விட்டு, பின்னர் ஆணி, அணிதாரி, குறுவல் என நிறமும் உருண்மையும் நோக்கி வகுத்தனர். மாறாத விதிகளை முறைதவறாது பின்பற்றி ஒரு பெருங்குவியலை ஒழுங்குபடுத்தும் அறிவு இக்கரைக்கு அந்நியமானதன்று.

1985இல் இரு துறைகளும் தோன்றிய பின், ஆரம்பத்திற் சகல பொறியியல் மாணவருக்கும் பொதுவான பாடங்கள், அதன்பின் பெறுபேற்றை ஒட்டித் துறைப்பிரிவு, தொழிற்பயிற்சி, இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் என நான்காண்டுப் படிப்பு உருப்பெற்றது. வகையீடும் தொகையீடும் காவியும் உந்தமும் தமிழிற் கற்றுத் தேறிவந்த பிள்ளை, முதல் விரிவுரையிலேயே அவையனைத்தையும் ஆங்கிலத்திற் கேட்டுத் திகைப்பதுண்டு. திறமையிற் குறைவில்லாத பலர் அந்த முதலாண்டில் மௌனமாகப் பின்வரிசைக்கு ஒதுங்கிவிடுவர். அவர்களைக் கைதூக்கிவிடுவது பல்கலைக்கழகத்தின் கடமையென்றே நான் கருதுகிறேன்.

1990ஆம் ஆண்டை ஒட்டியே பல்கலைக்கழகங்களை மின்னஞ்சலால் இணைக்கும் லேர்ன் வலையமைப்பு, மொறட்டுவையின் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் உருவாகத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. ஒக்டோபர் இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேறவேண்டுமென விடுதலைப் புலிகள் இட்ட கட்டளையால், தாராபுரத்து மக்களும் எருக்கலம்பிட்டி மக்களும் உடைமைகளைக் கைவிட்டு, தோணிகளிலும் வள்ளங்களிலும் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். மாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். தமிழ் பேசும் மக்களைத் தமிழின் பேரால் நிகழ்ந்த போராட்டமே வேரோடு பிடுங்கியெறிந்தது என்பதை, தமிழில் எழுதுவோர் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எழுத்தறிந்த ஒரு தலைமுறைக்கு, இணைந்த கணிதம் கற்பிக்க ஓர் ஆசிரியர் கிடைப்பதே பெரும்பேறாயிருந்தது. பாய்விரித்துப் படுக்குமிடமே படிக்குமிடமாகவும் இருந்த அக்குடிசைகளிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியோரின் மனத்திடத்துக்கு ஈடு சொல்வது கடினம்.

1990களின் நடுப்பகுதியில் ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், யுத்தத்தாற் கல்வி குலைந்த முஸ்லிம் மாணவரை முதன்மையாக நினைந்து தோன்றியது. காலக்கிரமத்தில் பொறியியற் பீடமும் அங்கு அமைந்தது. வடக்கிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியும், அதன் பொறியியற் பீடம் 2014இலேயே கிளிநொச்சி அறிவியல்நகரில் மாணவரை ஏற்றது. கணினிப் பொறியியல் அதன் துறைகளில் ஒன்று. அதற்குள் 2010இல் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. 2015இல் புகையிரதமும் தலைமன்னாருக்குத் திரும்பியது. மீள்குடியேறிய குடும்பங்களின் வீடுகளிற் சில இன்னும் கூரையின்றி நிற்க, சில பிள்ளைகள் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்து அவ்வூராராகிவிட்டனர். ஊர் திரும்பியோரின் பிள்ளைக்கு, பூநகரி வழியே வடக்கு நோக்கிப் போகும் வீதியில் பஸ் ஏறினால் அன்றைக்கே அறிவியல்நகரைச் சென்றடைய முடிகிறது. தாய் தகப்பன் தோணியேறிய தீவிலிருந்து, தன் மாகாணத்திலேயே கணினிப் பொறியியல் கற்கப் புறப்படும் முதல் தலைமுறை இதுதான்.