தேர்வறையிலிருந்து தலைமை நாற்காலிக்கு

1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் மூன்று பெண்கள் ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள். சோஃபியா ஜெக்ஸ்-பிளேக், எடித் பீச்சி, இசபெல் தார்ன். அவர்கள் கேட்டது இங்கிலாந்து ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி நடத்திய பேறுகால மருத்துவத் தேர்வு. அதில் தேறினால் மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறும். சட்டப்படி மறுக்க முடியாது என்று வழக்கறிஞர்கள் கல்லூரிக்குச் சொல்லிவிட்டார்கள். தேர்வாளர்கள் வேறு வழி கண்டார்கள்: எல்லோரும் பதவி விலகினார்கள். கேள்வி கேட்க ஆளில்லாமல் தேர்வே நின்றுபோனது.

பேறுகாலம் பற்றிப் பெண்ணிடம் கேள்வி கேட்பதைவிடப் பதவியைத் துறப்பது மேல் என்று அந்த ஆண்கள் முடிவெடுத்ததை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கல்லூரி நம் ஊர்க் கல்லூரிகளைப் போன்றதன்று. இது அறுவை மருத்துவர்களின் சங்கம். 1745 வரை லண்டனில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்தான் ‘டாக்டர்’. அறுவை செய்பவர் வெறும் ‘மிஸ்டர்’. பிரிந்து வந்தவர்களுக்கு 1800இல் அரச சாசனம் கிடைத்தது. 1843இல் ‘ஃபெலோ’ என்ற உயர்தகுதி உருவானது. யார் அறுவை மருத்துவர், அவர் எதைப் படித்துத் தேற வேண்டும் என்பதையெல்லாம் இத்தகைய சங்கங்கள் தீர்மானித்தன. அதனால் அங்கே யார் தலைமை தாங்குகிறார்கள் என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை.

அதே 1876 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவ அமைப்புகள் விரும்பினால் பெண்களைத் தேர்வுக்கு அனுமதிக்கலாம் என்றது அது. ‘விரும்பினால்’ என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனுள் இன்னொரு பிரிவும் இருந்தது: இந்தச் சட்டத்தால் பதிவு பெறுபவர்களுக்கு, அந்தப் பதிவின் பேரில், அந்த அமைப்புகளின் ஆட்சியிலோ நிர்வாகத்திலோ பங்கு கோரும் உரிமை கிடையாது. கதவைத் திறக்கும்போதே உள்ளறையைப் பூட்டி வைத்துவிட்டார்கள். பெண் மருத்துவம் பார்க்கலாம். விதி எழுதக் கூடாது.

ஜெக்ஸ்-பிளேக்கும் பீச்சியும் அடுத்த ஆண்டு அயர்லாந்தில் தேர்வெழுதிப் பதிவு பெற்றார்கள். பீச்சி 1883இல் பம்பாய்க்கு வந்து காமா மருத்துவமனைப் பணியை ஏற்றார். அயர்லாந்து அறுவை மருத்துவர் கல்லூரி 1885இல் பெண்களுக்குத் திறந்தது. 1893இல் எமிலி வினிஃப்ரெட் டிக்சன் அங்கே ஃபெலோ ஆனார். லண்டன் கல்லூரி 1908 வரை அசையவில்லை. அசைந்த பிறகு, 1910இல் அதன் முதல் பெண் உறுப்பினரானவர் யார் தெரியுமா? பம்பாயிலிருந்து சென்ற பார்சிப் பெண், தோசிபாய் பட்டேல். அடுத்த ஆண்டு, 1911இல், எலினோர் டேவிஸ்-காலி முதல் பெண் ஃபெலோ ஆனார். அவருடைய தந்தையும் அறுவை மருத்துவர்.

டேவிஸ்-காலி கத்தியைப் பிடிக்க எங்கே இடம் கிடைத்தது? தோழி மாட் சாட்பர்னுடன் சேர்ந்து தென் லண்டனில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றை அவரே உருவாக்கினார். நோயாளிகள் பெண்கள், மருத்துவர்களும் பெண்கள். இந்த மருத்துவமனைகள் பெண் அறுவை மருத்துவர்களை வாழவைத்தன. ஆனால் சங்கத் தலைமைக்குச் செல்லும் பாதை இவற்றின் வழியாகப் போகவில்லை.

அந்தப் பாதையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். பெரிய போதனா மருத்துவமனையில் நிரந்தரப் பணி வேண்டும். அதன்மூலம் மாணவர்கள் கிடைப்பார்கள். தேர்வாளர் பொறுப்பு வரும். குழுக்களில் இடம் வரும். பிறகு ஃபெலோக்கள் வாக்களித்து ஆட்சிமன்றத்துக்கு அனுப்புவார்கள். ஆட்சிமன்றத்தார் தமக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் மேலே நிற்பவர் கை கொடுக்க வேண்டும். எந்தப் படியிலும் ‘பெண்களுக்கு இடமில்லை’ என்று எழுதி வைக்கத் தேவையே இல்லை. முதல் படியில் பெண்ணை நிறுத்தாமல் இருந்தாலே போதும்.

எழுதி வைத்த தடை போன பிறகும் இது நீடித்ததுதான் இதற்குச் சான்று. பால் காரணமாக யாரையும் தகுதியற்றவராக்கக் கூடாது என்ற சட்டம் 1919இல் வந்தது. ஃபிலிஸ் ஜார்ஜ் ஆட்சிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணானது 1979இல். இடையில் 60 ஆண்டுகள். பிரிட்டனின் முதல் பெண் அறுவை மருத்துவப் பேராசிரியராக ஏவரில் மான்ஸ்ஃபீல்ட் 1993இல் ஆனார்; பின்னர் கல்லூரியின் துணைத் தலைவருமானார். இளம்பெண்களை அறுவைப் பயிற்சிக்குக் கொண்டுவர 1991இல் தொடங்கிய திட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தான் ஏறிய படியில் அடுத்தவளுக்குக் கை நீட்டினார்.

அமெரிக்காவில் இது ஒரு காலைச் சிற்றுண்டியில் தொடங்கியது. 1913இல் நிறுவப்பட்ட அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் 1981ஆம் ஆண்டு மாநாட்டில், பட்ரீஷியா நூமன் பெண் மருத்துவர்களைச் சிற்றுண்டிக்கு அழைத்தார். அங்கே கூடியவர்களிடமிருந்து பெண் அறுவை மருத்துவர் சங்கம் பிறந்தது. 2005இல் கேத்ரின் ஆண்டர்சன் தாய்ச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 2011இல் நூமனே தலைவரானார்.

லண்டனில் அந்த நாள் 2014இல் வந்தது. எலும்பு அறுவை மருத்துவரான கிளேர் மார்க்ஸ், முன்பே பிரிட்டிஷ் எலும்பு மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவராக இருந்தவர், ராயல் கல்லூரியின் தலைவரானார். அரச சாசனத்திலிருந்து 214 ஆண்டுகள். முதல் பெண் ஃபெலோவிலிருந்து 103 ஆண்டுகள்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு அறுவை அரங்கு அந்நியம். ஆனால் இந்த வரலாற்றை வாசிக்கும்போது நான் உறுப்பினராக இருந்த ஆசிரியர் அமைப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டுவிழா என்றால் வரவேற்புக் குழுவில் என் பெயர் தவறாமல் இருக்கும். நிதிக்குழுவில் ஒருமுறையும் இருந்ததில்லை. ‘நீங்க சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகணுமே மேடம்’ என்று கரிசனமாகச் சொல்வார்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தவர்களும் அவர்களே.

மாணவிகளிடம் நான் இப்போது சொல்வது இதுதான். ஓர் அமைப்பில் பெண்கள் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு நின்றுவிடாதீர்கள். தேர்வாளர் யார், குழுவுக்குப் பெயர் பரிந்துரைப்பவர் யார், கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தோசிபாய் தேறியது 1910இல். தேறுவதில் பெண்களுக்கு அன்றும் குறை இருக்கவில்லை.