கழுகுமலைப் பாறை முதல் கல்வித் தொலைக்காட்சி வரை: தூரத்துப் பாடத்தின் கதை

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே நிற்கிறது கழுகுமலை. அங்கே சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்காங்க. 8, 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள். பல இடங்களில் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்தே வரும். குரத்தியர் என்ற பெண் துறவிகளும் அதில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை இருக்கே, அதன் பழைய பெயர் திருச்சாரணம். அந்த ஊர்க்காரங்க பெயர்கூட இந்தப் பாறையில் இருக்கு.

அன்னைக்கு ஆசிரியரும் மாணவரும் தூரத்தைக் கடந்தாங்க. இன்னைக்குப் பாடம் மட்டும் கடந்து வருது. அது போதுமா? உயிரித் தொழில்நுட்பம் மாதிரி, கையால் செஞ்சு கத்துக்க வேண்டிய ஒரு படிப்புக்கு?

இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கினதே ஆய்வகத்தில்தான். 1980களில் இதற்கான முதுகலைப் படிப்பை ஆரம்பித்த முதல் சில பல்கலைக்கழகங்களில் நம்ம மதுரை காமராசரும் ஒன்று. அப்போ சில மாணவர்களுக்கு மட்டும் கிடைச்ச விஷயம், இன்னைக்குப் பிளஸ் டூ உயிரி-தாவரவியலிலேயே பாடமா வருது.

தூரத்துப் பாடத்துக்கு இன்னொரு வரலாறு. 1975 ஆகஸ்ட்டில் சைட் திட்டம். அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் மூலமா, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருஷம் டிவி நிகழ்ச்சிகள் போச்சு. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 1984இல் யுஜிசியின் கல்லூரிப் பாடங்கள் தூர்தர்ஷனில் வந்தன. 2003இல் ஐஐடிகள் சேர்ந்து என்பிடெல். 2019இல் தொடங்கின கல்வித் தொலைக்காட்சி, 2020 கொரோனா காலத்தில் வகுப்பறையாவே மாறிச்சு.

படம் ஒவ்வொரு தடவையும் தெளிவாகிட்டே வந்தது. டிஎன்ஏ இரட்டிக்கிறதைக் கரும்பலகையைவிட அனிமேஷன் நல்லாவே காட்டும். ஆனா டிவிகிட்ட பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. போனில் கேட்கலாம். அந்த ஒரு போனும் அப்பாவோட வேலைக்குப் போயிட்டா?

இப்போ கரிசலுக்கு வருவோம். 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினாங்க. மானாவாரிப் பருத்தி, சோளம்தான் அதன் முக்கிய வேலை. அதே 1901இல், ஜப்பானில் இஷிவாத்தா என்ற விஞ்ஞானி செத்துப்போன பட்டுப்புழுக்களில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சார். பின்னாடி அதுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு பெயர் வந்தது. சுருக்கமா, பிடி. அதன் மரபணுவைப் பருத்திச் செடிக்குள்ள வச்சதுதான் பிடி பருத்தி. இந்தியாவில் அனுமதி கிடைச்சது 2002 மார்ச்சில்.

பல வருஷம் பிடி விதைப் பாக்கெட்டோட சாதாரணப் பருத்தி விதை ஒரு சின்னப் பொட்டலமா வரும். அதைச் சுத்தி வரப்போரம் விதைக்கணும். ஏன் தெரியுமா? பிடியைத் தாங்குற புழு ஒண்ணு ரெண்டு தப்பிச்சா, அதே மாதிரிப் புழுவோட சேர்ந்து பெருகும். பக்கத்துல சாதாரணச் செடி இருந்தா, அங்க வளர்ற சாதாரணப் புழுவோட சேரும். தாங்குற குணம் பரவுறது தாமதமாகும். ஆனா நிறையப் பேர் அந்தப் பொட்டலத்தை விதைக்கவே இல்லை. ஏன்னு விளக்கிச் சொல்ல ஆள் போதல. 2010இல் குஜராத்தில் முதல் பிடி ரகத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்குதுன்னு உறுதியாச்சு. பாடம் சரியா போய்ச் சேரலைன்னா நஷ்டம் மார்க்கோட நிக்காது. காட்டுக்கே வரும்.

நம்மில் சிலர் வாரக்கடைசியில் ஆன்லைனில் பாடம் எடுக்கிறோம் இல்லையா? அவங்களுக்கு ரெண்டு யோசனை. வாழைப்பழம், உப்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, குளிர்ந்த ஸ்பிரிட் இருந்தா வீட்டிலேயே டிஎன்ஏவை வெள்ளை நூலாப் பிரிச்சுப் பார்க்கலாம். பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், அடுப்பு பக்கத்துல இருக்கக் கூடாது. இன்னொண்ணு, வீட்டுப்பாடம்: "அந்தச் சின்னப் பொட்டலத்தை நம்ம வீட்டுல விதைச்சாங்களா? தாத்தாகிட்ட கேட்டுட்டு வா." அடுத்த வகுப்பில் பிள்ளை பேசட்டும், நாம கேட்போம்.