தெளிந்த நீரும் தெரியாத நஞ்சும்

ஊர் விட்டு ஊர் சென்று குடியேறியவர்களை நோக்கி உறவினர் முதலில் கேட்கும் கேள்வி, "அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?" என்பதே. பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் அனைவரும் இக்கேள்விக்கு விடை கூறியவர்களே. நாவுக்கு இனிப்பதையும் கண்ணுக்குத் தெளிவாயிருப்பதையும் கொண்டே பெரும்பாலும் நாம் நீரை மதிப்பிடுகிறோம். அந்த மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை வங்காளத்தின் குடிநீர் வரலாறு காட்டுகிறது.

வங்க நாட்டில் நீருக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் குளங்கள் உண்டு. குளிப்பதும், துணி துவைப்பதும், குடிப்பதற்கு மொண்டு செல்வதும் பல இடங்களில் ஒரே குளத்திலேதான். இதனால் காலரா நோய் ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டது. 1883 டிசம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்தார். அடுத்த மாதமே, காற்புள்ளி போல் வளைந்த காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துவிட்டதாக அறிவித்தார். 1884 பிப்ரவரியில், நகரின் புறப்பகுதியில் நோய் பரவிய குடியிருப்பொன்றின் குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டார். 1959-ல் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே, அக்கிருமி சுரக்கும் நச்சுப்பொருளே உடலின் நீரையெல்லாம் குடல் வழியே வடியச் செய்கிறது என்று நிறுவினார்.

நகரத்துக்கு வழி முன்பே பிறந்துவிட்டது. ஹூக்ளி ஆற்றின் நீரைப் பல்தாவில் தேக்கித் தெளியவைத்து, மணற்படுகையின் ஊடே மெல்ல வடிகட்டிக் குழாய்களில் அனுப்பும் நீர்நிலையம் 1860-களின் இறுதியில் அமைந்தது. 1911-ல் தாலாவில் 110 அடி உயரத்தில், 90 லட்சம் காலன் கொள்ளும் இரும்புத் தொட்டி எழுந்தது. ஆனால் கிராமத்து மக்களுக்குக் குளமே கதியாயிருந்தது.

அவர்களுக்கு மீட்சியாக வந்தது குழாய்க் கிணறு. பூமியின் ஆழத்தில் மண்ணும் மணலும் வடிகட்டித் தந்த நீரில் கிருமிகள் அரிது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அரசாங்கமும் யூனிசெப் போன்ற சர்வதேச ஸ்தாபனங்களும் ஊர்தோறும் அடிகுழாய்களை நாட்டின. வசதியுள்ளோர் தம் வீட்டு முற்றத்திலேயே ஒன்றை இறக்கிக்கொண்டனர். பளிங்கு போன்ற நீர். காய்ச்ச வேண்டிய தேவையுமில்லை. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எவருக்குத்தான் தோன்றியிருக்கும்?

1983-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் நோய் மருத்துவர் கே. சி. சாஹா, அன்று பிரிக்கப்படாதிருந்த 24 பர்கானா ஜில்லாவின் கிராமத்து நோயாளிகளிடம் ஒரு விசித்திரத்தைக் கண்டார். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்ப்பேறியிருந்தன. இவ்வறிகுறிகள் ஆர்சனிக்கின் வேலை. நம் முன்னோர் பாஷாணம் என்று அஞ்சிய அதே பொருள். அது அடிகுழாய் நீரின் வழியே உடலில் சேர்ந்திருந்தது. நாளடைவில் புற்றுநோய்க்கும் அது காரணமாகும். இதனைத் தொழுநோய் எனப் பிறழ உணர்ந்து ஊரார் விலக்கியதால் பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டன, குடும்பங்கள் குலைந்தன.

1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் ஊர் ஊராகச் சென்று நீர் சேகரித்தனர். இருபது ஆண்டுகளில் மேற்கு வங்கத்தின் 19 ஜில்லாக்களிலிருந்து அவர்கள் சோதித்த மாதிரிகள் 1,40,150. அவற்றில் 48.1 விழுக்காட்டில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவை விட ஆர்சனிக் மிகுந்திருந்தது. 10 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? ஆயிரம் லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு. நாவோ கண்ணோ இதை எங்ஙனம் அறியும்?

இந்நஞ்சை எவரும் கலக்கவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்த மண்துகள்களின் இரும்புத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தில், மட்கிய தாவரப் பொருள்களை உண்ணும் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் விடுபடுகிறது. மண்ணடுக்குகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஒரு கிணறு நஞ்சாயிருக்க, சில அடி தூரத்திலுள்ள மற்றொன்று நன்னீர் தரலாம். ஆகவே ஊருக்கு ஒரு கிணற்றைச் சோதித்தால் போதாது. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். அண்டை நாடாகிய வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லவற்றுக்குப் பச்சை வர்ணமும் தீயவற்றுக்குச் சிவப்பு வர்ணமும் பூசினர். சோதனை முறை எளியதே. நீரில் அமிலமும் துத்தநாகமும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாய் எழுந்து, பாதரசக் கூட்டுப்பொருள் தோய்த்த காகிதத்தை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். எனவே சுத்திகரிப்புக் கருவிகள் வந்தன. பாருய்ப்பூரில் பல கம்பெனிகளின் 19 கருவிகளை ஜாதவ்பூர் குழுவினர் ஈராண்டுகள் ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்றேனும் 10 மைக்ரோகிராம் வரம்புக்குள் நீரைத் தொடர்ந்து தரவில்லை என்று 2005-ல் வெளியான அறிக்கை கூறியது. கருவியை நிறுவியதோடு கடமை முடிந்ததென்று எண்ணலாகாது என்பதற்கு இது சான்று. மாறாக, சிப்பூர் பொறியியல் கல்லூரியும் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகமும் 1997 முதல் அமைத்த வடிகட்டிகளை ஊர்க் குழுக்களே பொறுப்பேற்றன. குடும்பந்தோறும் சிறு கட்டணம் வசூலித்து, அலுமினா நிரப்பிய கலத்தை உரிய காலத்தில் புதுப்பித்தன. பிரித்தெடுத்த நஞ்சு மீண்டும் மண்ணில் கலவாதபடி காத்தன. ஊரார் தமதென்று கொண்ட கருவி உழைத்தது.

நமது தமிழகமும் இதற்கு விலக்கன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களைக் கறைப்படுத்தி எலும்புகளை வளைத்தது. அங்கும் நீர் தெளிவாகவே இருந்தது. 2013-ல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அப்பகுதிக்குக் கொண்டு சென்றது.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனையில் பயிற்சி அளிக்க வேண்டும் என விதித்துள்ளது. குடத்தைச் சுமந்தவர் கையிலேயே சோதனைக் குப்பியும் வருவது பொருத்தமே. புதிய ஊரில் வீடு பார்க்கும் நாமும் ஆழ்குழாய் நீரின் ருசியைப் பாராட்டுவதோடு நில்லாமல், அது எந்த ஆண்டில், எந்தெந்தப் பொருளுக்காகச் சோதிக்கப்பட்டது என்று கேட்போமாக. விடை கிடைக்காவிடில், ஒரு புட்டி நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்புவோமாக. 1983-க்கு முன் வங்கக் கிராமங்களில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் எத்தனையோ கைகள் காய்ப்பேறாமல் தப்பியிருக்கும்.