கழகம்

கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய கலசலிங்கம் நிறுவனம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக, அதாவது தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனமாக, உயர்ந்தது. அவ்வுயர்வைக் குறிக்கும் பெயரின் பிற்பகுதியாகிய 'கழகம்' என்னும் சொல்லின் பழம்பொருள் இன்றைய வாசகரை வியப்பில் ஆழ்த்தக்கது. திருக்குறளின் 'சூது' அதிகாரத்தில் அது கவறாடும் இடத்தை, அதாவது செல்வமும் பண்பும் அழியும் சூதாடு களத்தையே சுட்டுகிறது. கம்பரோ நாட்டுப் படலத்தில், இளைஞர் கலை பயிலும் இடத்துக்கு இதே சொல்லை ஆள்கிறார். தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருள்களோடு புலவர் அவையையும் படைக்கலப் பயிற்சிக் களத்தையும் சேர்த்துத் தருவதால், பலர் ஒருங்கு கூடிப் போட்டியிட்டுத் திறன் காட்டும் இடம் என்பதே இவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்து எனக் கொள்வது பொருந்தும்.

இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் உணர்வு வலுத்தபோது, 'சர்வகலாசாலை' என்ற வடசொல் வழக்கு ஒதுங்கிப் 'பல்கலைக்கழகம்' நிலைத்தது. சூதின் நிழல் அச்சொல்லை விட்டு முற்றாக அகன்றது. கல்வி நிறுவனத்தைக் குறிக்கும் மேலைச் சொல் ஒன்றோடு இதை ஒப்பிடலாம்: பிளேட்டோவின் பள்ளி, ஏதென்சுக்கு வெளியே அகாதெமசு என்னும் தொன்ம வீரன் பெயர் பூண்ட சோலையில் அமைந்தமையால் எழுந்த 'அகாதெமி' இடப்பெயர் வழிவந்தது. கழகமோ மக்கள் கூடும் செயலிலிருந்து வளர்ந்ததாகக் கொள்ளத்தக்க சொல்லாதலின், ஆய்வாளர் உலகத்தைக் குறிக்க அதுவே பொருள் நிறைந்தது.