மாற்கு ஆலயச் சுவரும் எமது இடாப்பும்

பதுளையில் படித்த எவருக்கும் புனித மாற்கு தேவாலயத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எம்மதத்தைச் சேர்ந்தவராயினும் அதன் வாசலைக் கடந்து நடந்திருப்போம். நத்தார்க் காலத்தில் அங்கிருந்து வரும் பாடலைக் கேட்டிருப்போம். ஆனால் அந்தக் கட்டடம் ஏன் எழுந்தது, யார் பெயரால் எழுந்தது என்பதை நம்மில் பலர் அறிந்தது ஒரு பாடசாலைப் பயணத்தின்போதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் ஆண்டு எட்டில் இருந்தபோது, சமூகக்கல்வி ஆசிரியை எமது வகுப்பை இரண்டிரண்டு பேராக வரிசையில் நிறுத்தி அங்கே அழைத்துச் சென்றார். நினைவுக்கல்லின் ஆங்கிலத்தை ஆறுதலாக வாசித்துத் தமிழில் விளக்கினார். மின்னல் தாக்கி இறந்த ஒருவரின் நினைவாகக் கட்டப்பட்ட ஆலயம் என்றதும், பின்வரிசையில் நின்ற தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, "எங்க தோட்டத்திலயும் ஒரு அத்தை இடி விழுந்து செத்தாங்க டீச்சர்" என்றாள். "அவங்க பேர் என்னம்மா?" என்று ஆசிரியை கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. "கடைசி லயத்து அத்தைன்னுதான் சொல்லுவோம்" என்றாள். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை எழுதும்படி சங்கம் கேட்டபோது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்வியும் பதிலும்தான்.

கல்லில் உள்ள பெயர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கை ரைபிள் படையின் அதிகாரி. பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். ஊவாவில் வீதிகளையும் தங்குமடங்களையும் அமைப்பித்தவர் என்று பெயர் பெற்றவர். யானை வேட்டையில் அவர் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல் என்று அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். இன்று அந்த எண்ணை வாசிக்கும்போது உடல் கூசுகிறது. அன்று அது வீரமாக எண்ணப்பட்டது. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளை தங்குமடத்தின் விறாந்தையில் நின்றிருந்த அவரை மின்னல் தாக்கியது. வயது 41. உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்பது மலைநாட்டில் இன்றும் சொல்லப்படும் கதை.

அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் இந்நாட்டு மக்களும் சேர்ந்து பணம் கொடுத்து இவ்வாலயத்தை எழுப்பினர் என்று நினைவுக்கல் கூறுகிறது. கொழும்பின் முதலாவது ஆயர் ஜேம்ஸ் சப்மன் 1857இல் அதனைப் பிரதிஷ்டை செய்தார். ரொஜர்ஸ் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரும் அவர் பெயரை மறக்காத மக்கள் இங்கு இருந்தனர் என்பதை நாம் மதிப்புடன் குறிப்பிட வேண்டும்.

இதற்கும் முந்தியது பதுளையிலுள்ள சோபியா வில்சனின் கல்லறை. உதவி வதிவிட அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனின் மனைவியான அவர் 1817 மே மாதம் இறந்தார். சில மாதங்களில் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டது. அதன் தொடக்கத்திலேயே கணவரும் அம்பு தைத்து மாண்டார். சோபியாவின் கல்லறைக்கல்லைப் பின்னாளில் மரம் ஒன்று தன் வேர்களுக்குள் அணைத்துக்கொண்டது. கிளர்ச்சியை அடக்க 1818இல் ஊவாவின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. பசியாலும் நோயாலும் இறந்த கிராமத்துச் சிங்களப் பெண்களில் எவருக்கும் அப்படி ஒரு கல் இல்லை. கெப்பெட்டிபொல போன்ற தலைவர்களின் பெயர்கள் மட்டும் எஞ்சின.

ரொஜர்ஸ் வாழ்ந்த காலம் கோப்பிக் காலம். 1840களில் ஊவா மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். அதற்கான ஆட்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தார்கள். மன்னாரில் கரையிறங்கி, வடபாதை வழியாக வறண்ட காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுக ஆட்களைக் கொண்டுபோயின. 1840களில் மட்டும் 70,000 பேர் வரை இறந்ததாக 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்த எண்ணிக்கையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். எண்ணிக்கையே வாதத்துக்கு உரியதாக இருப்பதற்குக் காரணம், இறந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்காததுதான்.

இங்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1854இல் தோட்டங்களுக்கென ஒரு தமிழ் மிஷன் தொடங்கப்பட்டது. 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதே அன்று அதற்கு இட்ட பெயர். திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் போதகர் அதற்குப் பொறுப்பேற்றார். திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வந்து லயம் லயமாக நடந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தமிழ் வேதாகமத்துக்கும் ஞானப்பாட்டுக்கும் வேர் தேடினால், சோழ மண்டலக் கரையில் டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்த தரங்கம்பாடியில் போய் நிற்கும். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க் 1706இல் அங்கு வந்தார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். மறு ஆண்டு அங்கேயே அடக்கமானார்.

அந்த டேனிஷ் சபையில் ஒரு நல்ல வழக்கம் தொடங்கியது. 1733இல் ஆரோன் என்ற தமிழர் அங்கு குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் பெயரைச் சபை இன்றும் சொல்கிறது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் பாளையங்கோட்டையில் பிரதிஷ்டை செய்த ஆலயம் குளோரிந்தா என்ற கைம்பெண் கட்டியது. ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைத்து வந்தனர். ஒரு பெண்ணின் பெயரால் ஓர் ஆலயம் வழங்கிய ஊர்ப்பக்கமிருந்துதான் எமது மலைகளுக்கு உபதேசியார்கள் வந்தார்கள். ஆயினும் இங்கே லயம் லயமாக நடந்து தேய்ந்த அந்த உபதேசியார்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம்?

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் டம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்த மேட்டுக்கு இன்றும் அவர் பெயர். ரயில் 1924இல் பதுளையை எட்டியது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்று உலகமெல்லாம் வந்து படம் எடுக்கிறது.

பெயர் தெரியாதவர்கள் தம் பெயரால் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகே. 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வேவஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் தாமே தெரிவுசெய்த குழுவுடன் துரை பேச வேண்டியதாயிற்று. 1947 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து தெரிவான இரு உறுப்பினர்களில் ஒருவர் இலங்கை இந்திய காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா. அக்கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்ற எழுவருள் அவரும் ஒருவர்.

மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். பிறப்பே பதியப்படாத லயங்களில் பூட்டன் பிறந்ததற்கு அத்தாட்சிக்கு எங்கே போவது? ஒரு விடயத்தை மகளிர் பாடசாலையில் படித்த நாம் கவனிக்க வேண்டும். அச்சட்டத்தில் தாயும் பாட்டியும் கணக்கிலேயே இல்லை. பெரும்பாலானோர் வாக்குரிமையின்றி 1952 தேர்தலை வெளியில் நின்று பார்த்தனர். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தத்திலும் எண்கள்தான் இருந்தன.

வைத்தியராகப் பணிபுரியும் நாம் மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இக்கட்டுரையைக் கடக்க இயலாது. ஊவாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கமானது. அதே நேரத்தில்தான் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு மாலை, மின்னல் தாக்கிய கொழுந்துக்காரப் பெண் ஒருவரை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள், உடலில் மின்சாரம் இருக்கும் என்ற பயத்தில் வெகுநேரம் அவரைத் தொடவில்லை. எம்மால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொடலாம். இதயமும் மூச்சும் நின்றிருந்தாலும் நெஞ்சை அழுத்தி, செயற்கைச் சுவாசம் கொடுத்தால் பலர் பிழைப்பர்; தாமதமே உயிரைக் குடிக்கிறது. இடி கேட்டதும் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. விறாந்தையும் பாதுகாப்பல்ல, ரொஜர்ஸ் நின்றது விறாந்தையில்தான். மூடிய கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் பழைய மாணவியர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், இம்மலரால் ஓர் உயிராவது பிழைக்கக்கூடும்.

அந்தப் பெண்ணின் பெயர் கட்டில் சீட்டில் இருந்தது. வயது இருந்தது, தோட்டமும் டிவிசனும் இருந்தன. எழுதியது நாமே. இன்று அந்தப் பெயர் எமக்கு நினைவில்லை என்பதை வெட்கத்துடன் சொல்கிறோம். ஆண்டு எட்டில் தோழி சொன்ன பதிலுக்கு மேல் நாமும் எதையும் செய்துவிடவில்லை.

நூற்றாண்டு வேலைகளுக்காகப் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டினோம். முதல் இடாப்புகளில் நகரத்துக் கடைக்காரர், எழுதுவினைஞர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம். தோட்டத்து முகவரிகள் மெல்ல மெல்லத்தான் தலைகாட்டுகின்றன. முதலில் பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளை, பிறகு கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளை, வெகு காலம் கழித்து லயத்துப் பிள்ளை. எழுபதுகளில் பல பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் "இந்தியா சென்றார்" என்று இருக்கிறது. 1983 ஜூலையில் பதுளை நகரும் எரிந்தது; அதற்குப் பின் வரும் தவணைகளில் பெயர்கள் குறைகின்றன. எல்லாப் பக்கங்களிலும் தந்தை பெயருக்கு ஒரு நிரல் உண்டு. தாயின் பெயருக்கு நிரலே இல்லை.

மாற்கு ஆலயத்தின் சுவரில் எமது பாட்டிமாருக்கு இடம் கிடைக்கவில்லை என்று குறைப்படுவதற்காக இதை எழுதவில்லை. அச்சுவர் தன் காலத்தவர்கள் விரும்பிய ஒருவரை நினைவில் வைத்திருக்கிறது; அதில் தவறில்லை. நாம் யாரை நினைவில் வைக்கிறோம் என்பதே எமக்குரிய கேள்வி. நூறு ஆண்டு கண்ட ஒரு பாடசாலைக்கு அதற்கான இடாப்பும் உண்டு, எழுதத் தெரிந்த பிள்ளைகளும் உண்டு.

ஆகவே பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். பசறையிலோ பண்டாரவளையிலோ, கோத்தகிரியிலோ கூடலூரிலோ, லண்டனிலோ டொரொண்டோவிலோ எங்கிருந்தாலும், உங்கள் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும், தெரிந்தால் பூட்டியின் பெயரையும், அவர்கள் வாழ்ந்த ஊர் அல்லது தோட்டம், டிவிசன், செய்த தொழில் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சிங்களக் கிராமத்துப் பாட்டியாயினும், முஸ்லிம் வீட்டு உம்மும்மாவாயினும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பம்மாவாயினும் சரி. பெயர் தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வரும் தாள்களை ஒன்றாகக் கட்டி நூலகத்தில் வைப்போம்.

ஆண்டு எட்டில் எம்முடன் நின்ற அந்தத் தோழியும் இம்மலரை எங்கோ இருந்து வாசிப்பாள் என்று நம்புகிறோம். கடைசி லயத்து அத்தையின் பெயரை இப்போதாவது விசாரித்து, அவளும் எமக்கு எழுத வேண்டும்.